அப்பாவின் கோப்பு, மகளின் வயது

கேள்வி: எனக்கு வயது 35. பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தின் லெஸ்டரில். அப்பா, அம்மா இருவருக்கும் லால்குடி பக்கத்தில் ஒரு கிராமம். 1988-இல் இங்கே வந்தவர்கள், இப்போது பிரிட்டிஷ் குடிமக்கள். என் கணவரும் இங்கேயே பிறந்தவர். அவருடைய பெற்றோர் உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்திகள். மகளுக்கு ஏழு வயது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 13 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தியாவிலிருந்தே வேலையைத் தொடரலாம் என்கிறார்கள். கணவர் பார்மசிஸ்ட்; அங்கே போய் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வீட்டை விற்றுவிட்டு அடுத்த வருடம் திருச்சிக்கே நிரந்தரமாக வந்துவிட ஆசை. இதுவரை விசா எடுத்துத்தான் வந்துபோயிருக்கிறோம். ஊரில் அப்பாவின் பங்காக ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது, சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். அவர் "வாம்மா, எல்லாம் உன்னுடையதுதானே" என்கிறார். அப்பாவோ இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். இது சரியான முடிவா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். வரலாம். ஆனால் வீட்டை விற்றுவிட்டு வரவேண்டாம். நிரந்தரமா இல்லையா என்பதை முடிவு செய்யவேண்டிய நாள் இன்று இல்லை; நீங்கள் வந்து இறங்கிய பிறகு ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து அந்த நாள் வருகிறது. இதை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. வரிச் சட்டம், உங்கள் மகளின் பள்ளிப் படிப்பு, லெஸ்டர் வீட்டின் மதிப்பு, மூன்றும் அந்த ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன்பு ஒன்று. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் வரிக்கணக்கு பார்ப்பதுதான் என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே படித்து, வேலைக்காக வெளியே போய், திரும்புகிறவர்கள். அவர்களுக்கு பான் எண் இருக்கும், பழைய வங்கிக் கணக்கு இருக்கும், தாசில்தார் அலுவலகத்தில் எப்படிக் காத்திருப்பது என்பதும் தெரிந்திருக்கும். உங்களுக்கு இவை எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டுக் குடிமகள். பெற்றோர் இந்தியர்களாக இருந்ததால் சில சலுகைகள் கிடைக்கின்றன, அவ்வளவுதான். நாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பாதி அப்பா அம்மா சொன்னது. அவர்கள் 1988-இல் பார்த்துவிட்டுப் போன திருச்சி. உங்கள் உறவினர்களே இன்று அந்தத் திருச்சியில் இல்லை. அதனால் ஊர் திரும்புகிறவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், அப்பாவின் கோப்பிலிருந்து.

நீங்கள் இங்கே காலவரையறை இல்லாமல் தங்கவும் வேலை செய்யவும், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். 2005-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆயுள் முழுக்க வந்துபோகலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது. உங்களுக்கு அந்த அட்டை கிடைப்பது பெற்றோரின் வழியாக. அப்பா அல்லது அம்மாவின் ரத்துசெய்யப்பட்ட பழைய இந்திய பாஸ்போர்ட், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபின் இந்தியக் குடியுரிமையை விட்டதற்கான சான்றிதழ், அவர்கள் பிள்ளைதான் நீங்கள் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். இந்தக் கடைசி ஒன்றில்தான் பிரிட்டனில் பிறந்த பலர் தடுக்கி விழுகிறார்கள். அங்கே பிறப்புச் சான்றிதழ் இரண்டு வகை. சிறியதில் பெற்றோர் பெயரே இருக்காது. உங்கள் வீட்டில் இருப்பது அதுவானால், முழுச் சான்றிதழின் நகலுக்குப் பொதுப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

அது கைக்கு வந்ததும் அப்பாவின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஊரில் 'சு. முருகேசன்' என்று இருந்தவர் இந்திய பாஸ்போர்ட்டில் 'முருகேசன் சுப்பையா' ஆகியிருப்பார். பிரிட்டனில் சுப்பையா குடும்பப் பெயராகி, மகளின் பிறப்புச் சான்றிதழில் 'சுப்பையா முருகேசன்' என்று தலைகீழாகப் போயிருக்கும். நிலத்தின் பட்டாவில் வெறும் முருகேசன். நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாது. அதற்கு அப்பா ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கவேண்டும், அவர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே. பிறப்பு, திருமணம், பட்டம் ஆகிய சான்றிதழ்களுக்கு பிரிட்டனிலேயே அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்தபின் அதற்காகத் தபாலில் அலைய நேரும்.

சட்டப்படி அம்மாவின் காகிதங்களை வைத்தே நீங்கள் விண்ணப்பித்துவிடலாம். அப்பாவின் தயவு தேவையில்லை. ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நிலம் அவர் பெயரில், பெயர்க் குழப்பம் அவர் பெயரில், இரண்டையும் அவரால்தான் சரிசெய்ய முடியும். தவிர, முப்பதெட்டு வருடம் முன்பு அவர் சுமந்துகொண்டு போன முடிவை நீங்கள் திருப்பிப்போடுகிறீர்கள் என்று அவர் நினைக்கிறார். "நாங்கள் போகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்" என்று கேட்டால் எழுந்துதான் போவார். "அப்பா, உங்கள் பழைய பாஸ்போர்ட் எங்கே, இந்தத் தேதியை எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். காகிதம் தேட உட்கார்ந்த பெரியவர்கள் அவர்களாகவே பேசத் தொடங்குவதை என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். அவர் சம்மதிப்பார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. காகிதமாவது கிடைக்கும்.

அடுத்து உங்கள் கணவர். கடிதத்தில் எனக்கு உறுத்தியது அவரைப் பற்றிய அந்த ஒரே வரிதான். "ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்." சகோதரி, உங்களுக்குத் தமிழ் தெரியும், சித்தப்பா இருக்கிறார், கோயிலுக்குப் போனால் நான்கு பேர் "யார் மகள்" என்று விசாரிப்பார்கள். அவருக்குப் பெற்றோர் விட்டுவந்த நாடு உகாண்டா, இந்தியாகூட இல்லை. 1972-இல் இடி அமின் 90 நாள் கெடு கொடுத்து ஆசியர்களை வெளியேற்றியபோது, லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையில் "எங்கள் ஊருக்கு வராதீர்கள்" என்று விளம்பரமே கொடுத்தது. அதையும் மீறி வந்து வேரூன்றிய குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு திருச்சி எந்த வகையிலும் ஊர் இல்லை. மூவரில் நிஜமாகவே நாடு மாறுகிறவர் அவர்தான்.

அவருக்கு ஓ.சி.ஐ. கிடைக்க இரண்டு வழி. ஒன்று, உங்கள் கணவர் என்ற முறையில்: உங்களுக்கு முதலில் அட்டை வரவேண்டும், திருமணம் பதிவாகி இரண்டு வருடமாவது தொடர்ந்திருக்கவேண்டும். இரண்டாவது, தன் சொந்தப் பூர்வீகத்தின் வழியாக. தாத்தாவோ பாட்டியோ குஜராத்தில் பிறந்தவர் என்று காட்டினால் பேரனுக்கும், ஏன் கொள்ளுப்பேரனுக்கும்கூடத் தகுதி உண்டு. முதல் வழி எளிது. ஆனால் விவாகரத்தானால் அந்த அட்டை ரத்தாகிவிடும். உங்கள் வீட்டில் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஒருவர் இந்த நாட்டில் இருப்பதே இன்னொருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு என்ற நிலை நல்லதில்லை என்கிறேன். உகாண்டாவிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் காகிதம் எவ்வளவு தப்பியிருக்கும் என்பது சந்தேகம்தான். ஆனாலும் முதலில் தேடிப் பார்க்கட்டும். ஒன்றும் அகப்படவில்லை என்றால் அப்புறம் உங்கள் வழி.

வேலை விஷயத்தில், ஓ.சி.ஐ. உள்ளவர்கள் பார்மசிஸ்டாகப் பணிபுரிய 2021 அறிவிக்கை அனுமதிக்கிறது. அனுமதி வேறு, பதிவு வேறு. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி மாநில கவுன்சிலில் பெயர் பதிந்திருக்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். அவருடைய பல்கலைக்கழகப் பட்டம் அங்கீகாரத்துக்கு வருமா என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் இருக்கும் தொழில்பதிவை விட்டுவிடாமல் வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே இருக்கட்டும்.

சரி, இப்போது அந்த மூன்று வருடக் கணக்குக்கு வருகிறேன்.

இந்தியாவில் ஒரு வரி ஆண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 182 நாள் இருந்துவிட்டால் நீங்கள் இங்கத்திய வரிவாசி. சாதாரண வரிவாசி உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி கட்டவேண்டும். ஆனால் நீண்டகாலம் வெளியே இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு நடுவில் ஒரு படி இருக்கிறது. ஆடிட்டர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்போம். வரிவாசிதான், ஆனால் வெளிநாட்டில் கிடைக்கும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்தப் படி தொடர்கிறது. இதற்குத் தகுதிபெற இரண்டில் ஒன்று போதும். முந்தைய பத்து ஆண்டில் ஒன்பதில் வெளிநாட்டுவாசியாக இருந்திருக்கவேண்டும். அல்லது முந்தைய ஏழு ஆண்டில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருக்கக்கூடாது.

பொதுவாக எல்லோரும் "அக்டோபருக்கு மேல் வந்தால் வரி லாபம்" என்பார்கள். உங்களுக்கு ஜூன்தான் நல்லது. பள்ளி திறக்கும் மாதம் என்பது மட்டும் காரணமில்லை. ஜூன் முதல் வாரம் இறங்கினால் முதல் வரி ஆண்டில் சுமார் 300 நாள் ஆகும். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பத்துக்கு ஒன்பது கணக்கில் தேறிவிடும். மூன்றாம் ஆண்டில் அது தேறாது. ஏழு ஆண்டுக் கணக்கைப் பார்க்கவேண்டும். 300-உம் 365-உம் சேர்ந்து 665. வரம்பு 729. மீதி 64 நாள். வருவதற்கு முந்தைய ஐந்து ஆண்டில் விடுமுறைக்கு வந்துபோன நாட்கள் இதற்குள் அடங்கினால் மூன்றாம் ஆண்டும் உங்களுடையது. அடங்காவிட்டால், முதல் இரண்டு வருடத்தில் பெற்றோரைப் பார்க்க லெஸ்டர் போய் நான்கு வாரம் இருந்துவிட்டு வாருங்கள், அந்த நாட்கள் கழிந்துவிடும். அக்டோபர் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை வருடம். ஜூன் கணக்கில் இரண்டு வருடம் பத்து மாதம். பழைய பாஸ்போர்ட்டுகளில் உள்ள வருகை, புறப்பாடு முத்திரைகளை இப்போதே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு "இருபது நாள் இருக்கும் சார்" என்பவர்களால்தான் எனக்குத் தலைவலி.

இங்கே ஒரு முக்கியமான தவறான நம்பிக்கையை உடைக்கவேண்டும். உங்கள் சம்பளம் லெஸ்டர் வங்கியில் விழுந்தாலும், வேலையைத் திருச்சியில் உட்கார்ந்து செய்தால் அது இந்திய வருமானம். முதல் நாளிலிருந்தே இங்கே வரி உண்டு. மேலே சொன்ன சலுகை அதைத் தொடாது. பிரிட்டிஷ் நிறுவனம் சம்பளத்திலேயே இந்திய வரியை (டி.டி.எஸ்.) பிடிக்காது என்பதால் நீங்களே காலாண்டுதோறும் முன்கூட்டிய வரி கட்டவேண்டும். நிறுவனத்துக்கும் சிக்கல் உண்டு. ஓர் ஊழியர் இந்தியாவிலிருந்து நிரந்தரமாக வேலை செய்தால், தங்களுக்கு இங்கே நிலையான வணிக இடம் இருப்பதாகச் சொல்லி வரித்துறை தங்களிடமும் வரி கேட்டுவிடுமோ என்று அவர்களின் வக்கீல்கள் பயப்படுவார்கள். "தொடரலாம்" என்று மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. பல இடங்களில் கடைசியில் நடப்பது, இந்தியக் கிளைக்கு மாற்றி, சம்பளத்தை ரூபாயில் புதிதாக நிர்ணயிப்பது. அந்தத் தொகையில் குடும்பம் நடக்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டை ஏன் விற்கவேண்டாம் என்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். வாடகைக்கு விடுங்கள், வீட்டுக்கடன் இருந்தால் வங்கியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு. வாடகைக்கு பிரிட்டனில் வரி உண்டுதான். ஆனால் பிரிட்டிஷ் குடிமகளாக வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வரியில்லா வரம்பு நீங்கள் வெளிநாட்டில் இருந்தாலும் தொடர்கிறது. வாடகைப் பணம் முதலில் பிரிட்டன் கணக்கில் விழட்டும், பிறகு வேண்டியதை இங்கே அனுப்பிக்கொள்ளுங்கள். நேராக இந்தியக் கணக்குக்கு வரவழைத்தால் இந்தியாவில் பெற்ற வருமானமாகி வரி வந்துவிடும்.

அந்த இரண்டு வருடம் பத்து மாதம் முடியும் முன்பு விற்றால், லாபத்துக்கு இங்கே வரி இல்லை. சொந்தமாகக் குடியிருந்த வீடு என்ற சலுகை பிரிட்டனில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடும். வாடகைக்கு விட்ட காலத்துக்கு உரிய சிறு பங்குக்கு மட்டும் வரி வரலாம், விற்ற 60 நாளுக்குள் அங்கே கணக்குக் காட்டவேண்டும். அந்தத் தேதி தாண்டி விற்றாலோ, இந்தியா அந்தச் சலுகையைக் கண்டுகொள்ளாது. லாபம் இங்கே வரிக்கு வரும். பிரிட்டனின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஐசாவும் அப்படித்தான். பிரிட்டனில் வரியில்லாதது, இங்கே நீங்கள் முழு வரிவாசி ஆன நாளிலிருந்து வரிக்கு உட்பட்டது. அதன்பிறகு வெளிநாட்டுச் சொத்துகளை எல்லாம் வருமான வரிப் படிவத்தில் பட்டியலிட்டாகவேண்டும். 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் மறைத்தவர்களுக்கு மட்டுமல்ல, எழுத மறந்தவர்களுக்கும் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது.

உங்கள் மகளுக்கு அப்போது வயது பத்து முடிந்திருக்கும். இங்கிலாந்தில் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது பதினொன்றில். ஆகவே வீடு, வரி, பள்ளி மூன்றுக்கும் அந்தக் கடைசி ஆறு மாதம்தான் கெடு. அதற்குள் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். திரும்பிப் போவதானால் அவள் தோழிகளோடு சேர்ந்தே புதுப் பள்ளியில் காலெடுத்து வைக்கலாம், யாரும் அதைத் தோல்வி என்று சொல்லப்போவதில்லை.

இருந்துவிடுவது என்று முடிவானால், அவளுடைய கல்லூரியைப் பற்றி அப்போதே யோசிக்கவேண்டும். வந்து குடியேறுகிற பெற்றோர் ஒருவர் விடாமல் கோட்டைவிடுகிற இடம் இதுதான். 2021 மார்ச் 4-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி, நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் ஓ.சி.ஐ. மாணவர்கள் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டு இடங்களுக்கோ கூடுதல் இடங்களுக்கோ மட்டுமே போட்டியிடலாம். இந்தியர்களுக்கென்று வைத்திருக்கும் இடங்கள் கிடையாது. அதற்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. உங்கள் மகள் இனிமேல்தான் வாங்கப்போகிறாள். அவள் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியைத் திருச்சியிலேயே முடித்திருக்கலாம், தமிழில் நூற்றுக்கு நூறு வாங்கலாம். மருத்துவக் கலந்தாய்வில் வெளிநாட்டுக்காரிதான். என்.ஆர்.ஐ. இடத்தின் கட்டணம் எந்த உயரத்தில் இருக்கும் என்று சித்தப்பாவைக் கேட்டாலே சொல்வார்.

"பரவாயில்லை, பிரிட்டனுக்கு அனுப்பிப் படிக்கவைப்போம், பாஸ்போர்ட்தான் இருக்கிறதே" என்று நினைப்பீர்கள். பாஸ்போர்ட் மட்டும் போதாது. உள்நாட்டு மாணவர் கட்டணம் வேண்டுமானால் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருக்கவேண்டும். இங்கிலாந்தில் அந்தக் கட்டணத்துக்கு 2025-26-இல் 9,535 பவுண்டு என்று உச்சவரம்பு இருந்தது. வெளிநாட்டு மாணவர் என்றால் வரம்பே இல்லை, பல்கலைக்கழகம் வைத்ததுதான் விலை. மாணவர் கடனும் கிடைக்காது. ஆக, இரண்டு நாட்டுப் பிள்ளையாக வளர்ப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பதினெட்டு வயதில் இரண்டு நாடுமே அவளிடம் வெளியாள் கட்டணம் கேட்கும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. பதினைந்து வயதுக்குள் குடும்பமாக அங்கே போய்விடுவது ஒன்று. மருத்துவம், ஐ.ஐ.டி. என்ற ஆசையை விட்டு இங்கே தனியார் கல்லூரிகளில் படிப்பது மற்றொன்று. அது ஒன்றும் மோசமில்லை. வெளிநாட்டுக் கட்டணத்துக்காக இன்றிலிருந்தே சேமிப்பது மூன்றாவது. லெஸ்டர் வீட்டை அதற்காகவே வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. எதுவானாலும் தெரிந்து செய்யுங்கள்.

இந்தியக் குடியுரிமை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஓ.சி.ஐ. பெற்று ஐந்து வருடம் கழித்து, அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடம் இங்கே வசித்திருந்தால் கேட்கலாம். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லாததால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். இப்போதைக்கு அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நிலத்துக்கு வருவோம். ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் வீடு, மனை வாங்கலாம்; விவசாய நிலமும் பண்ணை வீடும் தோட்ட நிலமும் வாங்க முடியாது. அப்பா அந்த நஞ்சையைத் தானமாக செட்டில்மென்ட் பத்திரம் எழுதி உங்களுக்குத் தரவும் முடியாது. வாரிசாக வரலாம், உயில் மூலமாக வரலாம். அதனால் அப்பாவிடம் கேட்கவேண்டியது உயில். பிரிட்டனில் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தால், இந்தியச் சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று மற்றொன்றை ரத்துசெய்துவிடாதபடி இரண்டிலும் ஒரு வரி இருக்கவேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழக அரசின் இணையதளத்தில் சர்வே எண் இருந்தால் லெஸ்டரிலிருந்தே பார்க்கலாம். வில்லங்கச் சான்றிதழ் பதிவுத்துறை தளத்தில் கிடைக்கும். பல குடும்பங்களில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும், அல்லது அண்ணன் தம்பி கூட்டுப்பட்டாவாக இருக்கும். அத்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. "எல்லாம் உன்னுடையதுதான்" என்ற சித்தப்பா அவர்களைக் கணக்கில் எடுத்தாரா தெரியாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இத்தனை வருடம் வரப்பு வெட்டி, தண்ணீர் பாய்ச்சி, விளைந்ததோ பொய்த்ததோ பார்த்தவர் அவர். வந்த முதல் வருடம் நிலம் என்ற பேச்சையே நீங்கள் எடுக்காதீர்கள். எடுக்கவேண்டியவர் அப்பா, தம்பியிடம், அவர் பாணியில்.

சில்லறை விஷயங்கள் சில. வந்தவுடன் ஆதார் கிடைக்காது; 182 நாள் இங்கே இருந்திருக்கவேண்டும். அதுவரை சிம் கார்டு முதல் காஸ் இணைப்பு வரை ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட்டையும் ஓ.சி.ஐ. அட்டையையும் நீட்டி விளக்கவேண்டியிருக்கும், எரிச்சல் வரும். பான் எண்ணை வருவதற்கு முன்பே வாங்கிவிடலாம். பிரிட்டன் அரசு ஓய்வூதியத்துக்கு 10 வருடப் பங்களிப்பு குறைந்தபட்சம், முழுத் தொகைக்கு 35. உங்களுக்கு 13 இருக்கிறது. மீதியை வெளிநாட்டிலிருந்தே கட்டத் தகுதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு அந்த ஓய்வூதியம் தொடங்கிய தொகையிலேயே நின்றுவிடும், வருடாந்தர உயர்வு கிடையாது. அதை நம்பி முதுமையைத் திட்டமிட முடியாது.

அப்பா உங்களிடம் வாய்விட்டுப் பேசத் தொடங்கினால் முதலில் கேட்கப்போவது, "உடம்புக்கு முடியாமல் போனால் அங்கே என்ன செய்வாய்" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கிறது. நிரந்தரமாக வெளியேறியவர் விடுமுறைக்குப் போனால் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்கலாம். திரும்பவும் குடியேறப் போனால் உடனே சேர்ந்துகொள்ளலாம். இங்கே மருத்துவக் காப்பீடு எடுத்தாகவேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. கணவருக்கோ உங்களுக்கோ சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதி, வந்த முதல் மாதமே பாலிசி போட்டுவிடுங்கள். அதுவரைக்கும் அந்தந்த நோய்க்கான செலவைக் கைப்பணத்தில் தனியாக ஒதுக்கிவையுங்கள். லெஸ்டர் மருத்துவரிடமிருந்து மூவரின் மருத்துவப் பதிவுகளையும் மகளின் தடுப்பூசிப் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது அந்தப் பட்டியலையும் கேட்பார்கள்.